வேறு பெயர்கள் இருந்தால் எழுதவும்

2022 மார்கழி (டிசம்பர்) 5, திங்கள்

குளிர். மழை இல்லை. இதை எழுதுவதே பிழை, முதலில் அதற்கு மன்னிப்பு. வீட்டு விஷயம் ஒரு வரிகூடக் காகிதத்தில் ஏறக் கூடாது என்று பதினொரு வருடமாக அம்மா சொல்லி வளர்ந்தவள் நான். ஆனால் இனித் தலைக்குள் இடம் இல்லை.

வேலை வழக்கம்போல். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மளிகைக் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேசை, ஒரு பிரிண்டர். சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி செய்யும் உத்தியோகம். இன்று பதினொரு பேர். தொப்பி போட்ட ஒரு ஐயா:

“பிள்ளை, பாஸ்போட்டிலை ஒரு பேர், வீட்டிலை ஒரு பேர். எதைப் போடுறது?”

“பாஸ்போட்டிலை இருக்கிறதைப் போடுங்கோ ஐயா.”

“அப்ப வீட்டிலை இருக்கிறவன் ஆர்?” கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். நான் குனிந்து பிரிண்டருக்குத் தாள் வைத்தேன்.

வாங்க: அம்மாவின் பிரஷர் மாத்திரை. தம்பியின் கட்டிலுக்குப் பலகை (போன முறை முறிந்தது). உளுந்து.

மார்கழி 7, புதன்

நாலரைக்கே இருட்டு. தம்பி நாளை வருகிறான்.

அவன் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடுகிறான் என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்காது. தெருவெல்லாம் இப்போது உலகக் கிண்ணம். கடை அண்ணை கேட்டார்: “உன்ரை தம்பி எத்தினை கோல் அடிச்சவன்?” அவன் பந்தையே தொட மாட்டான் என்றேன். “அப்ப என்னத்துக்கு அவனுக்குச் சாப்பாடு போடுறாங்கள்?”

அவன் லைன்மேன். பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் மதில் மாதிரி நிற்பவன். முதலில் புறநகர்க் கழகம் ஒன்று. பிறகு கான்சஸில் ஒரு சின்ன ஊர், இரண்டு வருட ஜூனியர் கல்லூரி. அங்கே ஆடிக் காட்டினால் பெரிய பல்கலைக்கழகங்கள் வந்து பொறுக்கி எடுக்கும். இப்போது ஒன்று கேட்டிருக்கிறது. முழுப் படிப்பும் இலவசம். 16ஆம் திகதி கோச் வீட்டுக்கே வருகிறார். 21ஆம் திகதி ஃபோனிலேயே கையெழுத்து. ஜனவரியில் அங்கே நிற்க வேண்டும்.

கேட்ட அளவுகளை நான்தான் அனுப்பினேன். உயரம் 1.96. நிறை 142. கை 88 சென்ரிமீற்றர். அப்பா 1.62. அம்மா என் தோளுக்கு.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். 2001 கடைசியில் அப்பா தனியே பிரான்ஸ் வந்து அகதி விண்ணப்பத்தில் இரண்டு பிள்ளைகள் என்று எழுதினார். நான், நிரோஜன். சேந்தன், நாளை வருகிற இந்தத் தம்பி, அப்போது அம்மாவின் வயிற்றில். 2009 இல் நிரோஜன் போய்விட்டான். எட்டு வயது. எங்கே, எப்படி என்பது இங்கேயும் வேண்டாம். அவனுக்கு மரணப் பதிவு இல்லை. 2011 இல் விசா வந்தது. நிரோஜனுக்கு வந்தது, சேந்தனுக்கு இல்லை.

கொழும்பு லொட்ஜில் மூன்று கிழமை. சேந்தன் என்று கூப்பிட்டுத் திரும்பினால் அம்மா அடித்தார். நிரோஜன் என்று கூப்பிட்டுத் திரும்பினால் நான் பிஸ்கற் கொடுத்தேன். பதின்மூன்று வயது எனக்கு. விளையாட்டு என்று நினைத்தேன். நான்காம் நாள் அவன் பிஸ்கற் கேட்காமலே திரும்பினான்.

மார்கழி 8, வியாழன்

வந்துவிட்டான். கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிறான். அம்மா, “தம்பி, மெலிஞ்சு போனாய்.” 142 கிலோ.

காலையில் வந்தவன் பல் துலக்கும்போது பார்த்தேன். இடது கை.

“எப்ப தொடக்கம்?”

“கோச் சொன்னவர் அக்கா. இனி இடது ஓரத்திலை நிக்கோணுமாம். பல்லு மினுக்கிறது, கதவு திறக்கிறது எல்லாம் இடது கையாலையாம். பழகத்தானே வேணும்.”

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிரோஜன் இடது கைக்காரன்.

மார்கழி 9, வெள்ளி

நிரோஜனின் பிறந்தநாள். அதாவது காகிதத்தில் தம்பியின் பிறந்தநாள். ஒவ்வொரு வருடமும் கேக், வடை, கோயில். சேந்தனின் உண்மையான பிறந்தநாள் ஆடியில். அன்று அம்மா வேலைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான்.

கோயிலில் ஐயர் கேட்டார், “பேர்?” அம்மா, “நிரோஜன்.” “நட்சத்திரம்?” “அவிட்டம்.” அவிட்டம் சேந்தனின் நட்சத்திரம். பேர் ஒருவனுடையது, நட்சத்திரம் மற்றவனுடையது. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார். நான் இன்றுதான் கவனித்தேன். ஐயர் ஒன்றும் தடுமாறாமல் சொல்லி முடித்தார். அந்த அர்ச்சனை யாருக்குப் போனது?

மாலை எல்லாரும் அவன் ஆட்ட வீடியோ பார்த்தோம். ஒவ்வொரு துண்டும் தொடங்குமுன் படம் உறைந்து நிற்கும். அவனைச் சுற்றிச் சிவப்பு வட்டம், யாரைப் பார்க்க வேண்டும் என்று கோச்மார்களுக்குக் காட்ட. பிறகு ஓடும். முதுகில் பெரிய எழுத்தில் NIROJAN. நம் வழக்கப்படி அப்பாவின் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. அமெரிக்கர்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்து முதுகில் தைத்துவிட்டார்கள். வர்ணனையாளர் கத்துகிறார், நிரோஜன், நிரோஜன்.

“இன்னொருக்கால் போடு.” அம்மா. ஆறு தரம் போட்டோம். அம்மா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மார்கழி 12, திங்கள்

பனி கொட்டும் போல இருந்தது, கொட்டவில்லை.

ஆட்களைப் பொறுக்கும் கோச்மார்களுக்கென ஒரு இணையத்தளம் இருக்கிறது. தம்பியின் பக்கம் சரியா என்று பார்க்கப் போனேன். கீழே இன்னொரு பக்கம். Senthan. லைன்மேன். பிரான்ஸ். பிறந்த திகதி ஆடியில், சரியான வருடத்தோடு. படம் இல்லை, சாம்பல் நிறத் தலை மட்டும். உயரம் 0. நிறை 0. வீடியோ 0.

உயிரோடு இருப்பவன்தான் அங்கே வெறுமையாக இருக்கிறான்.

மத்தியானம் அவனைக் கீழே கூப்பிட்டுத் தேநீர்க் கடையில் கேட்டேன்.

“நான்தான் போட்டது.” சமோசாவைப் பிய்த்துக்கொண்டே. “ஆராவது பாப்பினமோ எண்டு.”

“பாத்தவையே?”

“பதினேழு பேர். நான் ஒருக்கால், இப்ப நீ. மிச்சம் ஆர் எண்டு எனக்குத் தெரியாது.”

இங்கே வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

பிறகு ஃபோனை என் பக்கம் திருப்பினான். பல்கலைக்கழகப் படிவம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: வேறு பெயர்கள் இருந்தால் எழுதவும்.

“இதிலை எழுதப் போறன் அக்கா.”

சொன்னேன். விசா போகும். இங்கே அப்பாவின், அம்மாவின் காகிதங்களையும் கிண்டுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு இதைத்தானே சொல்கிறேன்.

“தெரியும். அடி வாங்கிறது நான். முழங்கால் போனது எனக்கு. சனம் கத்திறது அவனுக்கு. அங்கை பின்னாலை நிண்டு சேந்தன் எண்டு ஆரும் கூப்பிட்டால் நான் திரும்புவனோ தெரியாது.” ஒரு வாய் தேநீர். “அம்மா ஒருக்கால் என்ரை பேரைச் சொல்லட்டும். என்னைப் பாத்து. அது காணும். பேந்து அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டிட்டு, அவனாவே செத்துப் போறன். சொல்லாட்டி எழுதுவன்.”

“நீயே கேள்.”

“பதினொரு வருசமாக் கேக்கேலாமல் போச்சு. நீ கேள்.”

எனக்கு மெத்ரோவில் சீட்டுக் கேட்கவே வாய் வராது.

மார்கழி 14, புதன்

அம்மாவிடம் கேட்க முயற்சி ஒன்று. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். “என்ன பிள்ளை?” “ஒண்டுமில்லை.”

முயற்சி இரண்டு. கோச்சுக்கு எத்தனை வடை என்று பேச்சு மாறிவிட்டது.

தளத்தில் சேந்தனின் பக்கம்: பார்த்தவர்கள் 23.

மார்கழி 16, வெள்ளி

கோச் வந்தார். தலை நரைத்த, பெரிய, அன்பான மனிதர். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் ஓட்டை. கதிரை முனகியது. மெத்ரோ போகும்போது கண்ணாடி அதிர, ஜன்னலை ஒருதரம் பார்த்தார். வடை ஏழு.

அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரித்தார். இந்த உயரம் எங்கிருந்து என்று கேட்டார்.

அம்மா என்னிடம், “ரெண்டு பேருக்கு வளந்தவன் எண்டு சொல்லு.”

நான், “நல்ல சாப்பாடு என்கிறார்.”

ஜூனியர் கல்லூரியில் இருந்து எடுப்பது அவசரத்துக்குத்தானாம். பள்ளிப் பிள்ளையை எடுத்தால் வளர்க்க வேண்டும், இவர்கள் வளர்ந்து வருகிறார்கள். ஜனவரியில் இடது ஓரத்துக்கு ஒரு உடம்பு வேண்டும் என்றார். உடம்பு என்ற சொல்லை அம்மாவுக்குச் சொல்ல முடியவில்லை. ஒரு ஆள் வேணுமாம் என்றேன். திங்கள் முதல் அவர் நேரில் வந்து பேசக் கூடாத நாட்களாம். அந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘செத்த காலம்’. அதை மொழிபெயர்க்கவே இல்லை.

பிறகு கேட்டார், சின்ன வயதில் இவன் எப்படி?

நான் திருப்பிச் சொன்னேன். ஏதாவது இரண்டு வரி சொல்லுவார் என்று நினைத்தேன். அம்மா சேலைத் தலைப்பை மடியில் விரித்துவிட்டுப் பேசத் தொடங்கினார். அரை மணி. கால் முன்னுக்கு வந்து பிறந்தது. இடி என்றால் அலுமாரிக்குள் ஒளிந்தது. இடது கையால் சோறு தின்னக் கூடாது என்று மாமா அடித்தது. வேலிக் கம்பி கிழித்து இடது முழங்காலில் ஐந்து தையல். எல்லாம் நிரோஜன். பதின்மூன்று வருடமாக ஒரு சொல்லும் வராத வாயில் இருந்து. நான் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்தார். தம்பி தன் கதையைக் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான்.

இடது கைக்காரன் என்றதும் கோச் தொடையில் தட்டினார். அதுதானே நமக்கு வேணும்! தழும்பைக் காட்டு பார்ப்போம், பகிடியாக.

தம்பி காற்சட்டைக் காலை மேலே இழுத்தான். இடது முழங்கால். தழும்பு. போன வருடம் கான்சஸில் செய்த ஒப்பரேஷன்.

அம்மா குனிந்து அதில் விரல் வைத்தார். மேலிருந்து கீழே தடவினார். “ஓம். இதுதான்.” முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நான் பார்த்ததே இல்லை.

கோச் எல்லாவற்றையும் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அவனைப் பற்றிய கட்டுரையில் போடுவார்களாம்.

கோச்சை வழியனுப்பப் படியால் இறங்கும்போது தம்பி என் காதில், “நல்லா மொழிபெயர்த்தாய்.” பாராட்டவில்லை.

மார்கழி 18, ஞாயிறு

தெருவில் ஒரே சத்தம், மற்ற ஃபுட்போலின் இறுதி ஆட்டம். அம்மா முன்னறையில் தம்பியின் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டு நின்றார். இன்று கேட்டுவிடுவது என்று கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, சேந்தன்…”

“ஆர் பிள்ளை அது?”

கோபம் இல்லை. நடிப்பு மாதிரியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை விசாரிப்பது மாதிரி. நான் கதிரையைப் பிடித்தபடியே நின்றேன். கருகல் மணம் வந்த பிறகுதான் பார்த்தேன், அயன் பெட்டி ஒரே இடத்தில் நிற்கிறது. அம்மா அதைப் பார்த்தபடியே நிற்கிறார். கை தூக்கவில்லை. நான்தான் தூக்கி வைத்தேன்.

தம்பி அறை வாசலில். கேட்டிருக்கிறான். உள்ளே போய், ஃபோனை எடுத்து, அந்தக் கட்டத்தில் பெயரை எழுதிச் சேமித்தான். எனக்குக் காட்டினான். இன்னும் அனுப்பவில்லை.

மார்கழி 20, செவ்வாய்

மழை. வேலையில் மூன்று படிவம் பிழை, வாழ்க்கையில் முதல் தரம். அண்ணை, “என்ன, காதலோ?” என்றார்.

அம்மாவின் பக்கத்திலும் நின்று யோசித்துப் பார்த்தேன். இவனைச் சேந்தன் என்று கூப்பிட்டால் அந்தக் கணமே மற்றவன் இல்லாமல் போவான். இவ்வளவு நாளும் அவனுக்குப் பிறந்தநாள் வந்தது, பள்ளிக்கூடம் போனான், உயரமானான், அமெரிக்கா போனான்.

இன்றும் கேட்கவில்லை. மூன்று தரம் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மார்கழி 21, புதன்

காலை எட்டு மணி. பிற்பகல் இரண்டு மணிக்கு அவன் கையெழுத்தையும் அந்தப் படிவத்தையும் அனுப்ப வேண்டும். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா குளிக்கிறார். அவன் இன்னும் நித்திரை, கால் கட்டிலுக்கு வெளியே.

வாயால் வராததால் கொப்பியை இந்தப் பக்கத்தில் விரித்துக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். அம்மா, முன்பக்கங்களையும் வாசியுங்கோ, கோபம் என்றால் என்னோடு. லொட்ஜில் பிஸ்கற் கொடுத்தவள் நான்தான். நிரோஜனை விடச் சொல்லிக் கேட்கவில்லை. அவன் காகிதத்தில் இருக்கட்டும், முதுகில் இருக்கட்டும், கோயிலிலும் இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒன்பது மணிக்கு அவன் எழும்பி வருவான். கதவைச் சாத்திப்போட்டு, மெல்லமாகவெண்டாலும், அவன்ரை முகத்தைப் பாத்து, ‘சேந்தன், தேத்தண்ணி ஆறுது, குடி’ எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ அம்மா.