ஓடுபாதையில் படுத்த மாடுகள்

இஞ்சாருங்கோ,

நீங்கள் இருந்தபோது உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இன்று நாலு பேர் வாசிக்கும்படி கூப்பிடுகிறேன். கூச்சமில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும், நல்ல செய்திதான்.

குகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. படித்த படிப்புக்கு உரிய வேலை, பொறியியலாளர் வேலை.

டொரன்டோவுக்கு வந்த நாள் முதல் எங்கள் மகன் வேலை கேட்டு ஏறி இறங்கிய கந்தோரெல்லாம் ஒரே கேள்வி: கனடாவில் வேலை செய்த அனுபவம் உண்டா? வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்? கார் நிறுத்துமிடத்துக் கூண்டுக்குள் இருந்து டிக்கெட் கொடுத்தான். அதற்கும் வெள்ளைச் சட்டையை நான் தினமும் அயன் பண்ணிக் கொடுத்தேன். கூண்டுக்குள் இருந்தாலும் கொலர் கொலர்தான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளின் மகன் கசங்கிய சட்டையோடு உட்காரக்கூடாது.

பனி கரையத் தொடங்கியபோது ஒரு நேர்முகத்துக்கு அழைத்தார்கள். வடக்கே ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட விமானத் தளங்கள் கிடக்கின்றனவாம். அவற்றில் எதைத் திரும்பத் திறக்கலாம் என்று பார்க்கும் வேலை. கேட்டவுடன் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது.

அது உங்கள் வேலை அல்லவா? எங்கள் நாட்டு அரசாங்கம் உங்களை நிலம் அளக்கும் சேர்வேயர் பயிற்சிக்கு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிய காலத்தில், அந்தச் செம்மண் வெளியில் இதைத்தானே செய்தீர்கள்? டொக்டர் வரும் சின்ன விமானம் இறங்குவதற்கு யுத்த காலத்துத் தளங்களில் எது உதவும் என்று பார்த்துத் திரிந்தீர்கள்.

"அப்பான்ர கதை தெரியுந்தானே?" என்று குகனைக் கேட்டேன்.

"மாடு கலைச்ச கதைதானே அம்மா. ஓடுபாதை முழுக்க மாடு படுத்திருக்குமாம். பிளேன் முதல்ல பதிஞ்சு பறந்து கலைச்சுப்போட்டுத்தான் இறங்குமாம்."

"பிறகு?"

"பிறகென்ன? ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் அதோட நிப்பாட்டிப்போடுவியளே."

உண்மைதான். சாப்பாட்டு மேசையில் சாணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் சட்டம். இன்றும் அது சரியான சட்டம். நீங்கள் சிரித்துக்கொண்டே கோப்பையைக் கழுவ எழும்புவீர்கள். மிச்சக் கதையை அடுப்படிக்கு வந்து என்னிடம் சொல்வீர்கள். ஆகவே முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள் நான்.

குகனைப் பல்கனிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தார் இரவிலும் விடாது. அந்த வெளியில் இரவு குளிர். மாடுகள் சூடு தேடி, பழுதில்லாத தாரில் படுக்கும். தார் பெயர்ந்து மணல் ஏறிய இடம் கெதியில் குளிர்ந்துவிடும், அங்கே படுக்காது. நீங்கள் விடிந்ததும் நடந்து, சாணம் எங்கே இல்லை என்று பார்ப்பீர்கள். பழுது எவ்வளவு என்று அறிய அங்கேதான் முதலில் தோண்டுவீர்கள். நாடாவும் கருவியும் பிறகுதான்.

"உதைப் போய் நான் அங்க சொல்லுறதோ? சிரிப்பினம் அம்மா."

"சிரிக்கட்டும். அவை சிரிச்சு முடியும்வரைக்கும் நிமிர்ந்து இரு. அப்பாவைப்போலக் கதிரையில சரியாதை."

சாணத்துக்கு மரியாதையான ஆங்கிலச் சொல்லை நானே தெரிந்தெடுத்துக் கொடுத்தேன்.

நேர்முகத்தில் கேட்டார்களாம்: ஒருவரும் மிதிக்காமல் கிடக்கும் தளத்தில் முதலில் என்ன செய்வாய்? அவன் சொல்லியிருக்கிறான். சிரித்தார்களாம். நடுவில் இருந்த நரைத்த மனிதர் மட்டும் சிரிக்காமல், இதை யாரிடம் படித்தாய் என்று கேட்டாராம். அப்பாவிடம் என்றானாம். கனடிய அனுபவத்தைப் பற்றிப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

வேலையேற்று வடக்கே போனவன், போன ஞாயிறு முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தான். நுளம்பு கடித்து முகமெல்லாம் தடிப்பு. சோற்றைப் பிசைந்துகொண்டு கதை தொடங்கினவன், திடீரென்று என்னைப் பார்த்து நிறுத்தினான்.

"மிச்சத்தை அடுப்படியில சொல்லுறன்."

உங்களைப்போலவே சொன்னான். "பரவாயில்லை, இஞ்சையே சொல்லு," என்றேன். உங்களுக்குத் தராத சலுகை என்று கோபிக்காதீர்கள்.

"அங்க மாடு இல்லை அம்மா, பெரிய காட்டு வாத்துத்தான். அப்பா சொன்ன மாதிரி, எச்சம் கிடந்த இடமெல்லாம் நல்லது எண்டு குறிச்சுப்போட்டன். தோண்டிப் பாத்தால் அவ்வளவும் பழுது. வெடிப்புக்குள்ளால முளைச்ச புல்லைத் தின்னத்தான் அதுகள் அங்க கூடுதுகள்."

"அந்த நரைச்ச பெரியவர் ஏசினவரோ?"

"இல்லை. உன்ர அப்பா வாத்தைக் காணேல்லைப் போல எண்டார்."

நான் சிரித்தேன். மேசையில், சாப்பாட்டின் நடுவில், புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்கள் விதியைத் தலைகீழாக்கிவிட்டான் என்று முகம் சுருங்கியிருக்குமா? அப்படி நினைக்கவில்லை. இப்போது எச்சம் கிடக்கிற இடத்தில்தான் முதலில் தோண்டுகிறானாம். தரையைப் பார்த்து நடக்கச் சொன்னது நீங்கள்தானே.

அந்த மாடுகள் இன்னும் அங்கே படுக்கின்றனவா? உங்கள் பாதையில் இப்போதும் ஒரு டொக்டர் இறங்குகிறாரா? கேட்டுச் சொல்ல ஆளில்லை.

வருகிற கோடையில் என்னைச் சின்ன விமானத்தில் வடக்கே தன் தளத்துக்குக் கூட்டிப்போவதாகக் குகன் சொல்கிறான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அந்த ஓடுபாதையை முழுக்க நடப்பேன். எங்கே என்ன கிடக்கிறது என்று என் கண்ணால் பார்த்து வந்து உங்களுக்குச் சொல்வேன். அடுப்படியில்தான் சொல்வேன். ஒரு நாள் விட்டுக்கொடுத்ததற்காக இந்த வீட்டுச் சட்டம் மாறிவிடவில்லை.

உங்கள் வீட்டுக்காரி,
குகனின் அம்மா