கழன்று விழுந்த செருப்பு

அண்ணி,

இன்று அண்ணன் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது உங்கள் ரப்பர் செருப்பு கிடைத்தது. கொஞ்சம்கூடத் தேயவில்லை. வாங்கிய மாதமே கழற்றி வைத்தது எப்படித் தேயும்?

அந்தப் பௌர்ணமிக்கு என் மகள் மலரைக் கிரிவலம் கூட்டிப்போனவள் நான்தான். எட்டு வயதில் வெறுங்காலோடு முழுச் சுற்றும் நடந்தாள். மறுநாள் கால் வலி என்றாள், எண்ணெய் தேய்த்துவிட்டேன். மூன்றாம் நாள் படியேற முடியவில்லை என்றாள். பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று திட்டினேன். மலை சுற்றிவந்தால் கால் வலிக்காத பிள்ளை நம்மூரில் உண்டா என்ன?

அன்று அவளைக் கடைக்குக் கூட்டிப்போன நீங்கள், ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தீர்கள்.

"செருப்பு கழண்டு வுழுந்ததுகூட இவளுக்குத் தெரியல. இது நடந்த வலி இல்ல. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"புள்ள பெத்திருந்தா தெரியும் உங்களுக்கு" என்றேன். ஆமாம், அதைச் சொன்னேன். நீங்கள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டீர்கள்.

டாக்டர் அவள் முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. கிரிவலத்துக்கு முந்தைய வாரம் அவளுக்கு வந்த வயிற்றுப்போக்கை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தடம் மாறித் தன் நரம்புகளையே தாக்குகிறது என்றார். "கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். மூச்சு வரைக்கும் போனா ரொம்ப கஷ்டம். நல்லவேளை, இன்னிக்கே வந்துட்டீங்க." அன்றே மருந்து ஏற்றினார்கள். கைகள்வரை தளர்ந்து, அதோடு நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். "இவ மலை சுத்தற வரைக்கும் எனக்கும் வேணாம்."

மாதக்கணக்கில் சுவரைப் பிடித்து நடந்து பழகினாள். அவள் மலை சுற்றும் முன்பே மாரடைப்பில் போய்விட்டீர்கள். மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

போன பௌர்ணமிக்கு மலர் முழுச் சுற்றும் நடந்தாள். பாதி வழியில், அடி அண்ணாமலையில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஜாஸ்தியா வலிக்குதும்மா" என்றாள். வலி தெரிகிறதே என்று அழுதேன். வேண்டுதல் முடிந்தது அண்ணி. உங்கள் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன்.

நேற்று கடைத்தெருவில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்தது. "பாத்து நடக்கத் தெரியாது?" என்று அதன் அம்மா கை ஓங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குழந்தையின் காலைப் பார்த்தேன். இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன. அதன் பிறகுதான் கையை விட்டேன்.