அவள் ஏன் கேட்கவில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகளும் அவளைப் பெற்றவளும் ஏதோ உயிரும் உடம்புமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை கூடச் சொன்னால் 'அப்புறம் பேசறேம்மா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறினால் என் காலே என்னைத் திட்டுகிறது. உன் மகள் வாலு ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள், பதில் தெரியாத கேள்விக்கு முதலில் சிரித்துவிடுகிறாள், அப்படியே நீதான்.

போன வாரம் உன் வக்கீல் வீட்டுக்கு வந்தார், கையில் டைப் அடித்த காகிதம். நீ வெளிநாடு போன இந்த ஏழு வருஷத்தில் உன் பெண்டாட்டி தனக்கென்றோ பிள்ளைக்கென்றோ ஒரு தடவைகூடப் பணம் கேட்டதில்லை, அதனால் அவள் கேஸ் போட்ட நாளிலிருந்து ஜீவனாம்சம் கொடுத்தால் போதும், பழைய வருஷங்களுக்குத் தர வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. 'சாட்சியா ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, உங்க பையன் தப்பிச்சிடுவாரு' என்றார். நீ இப்போது சம்பாதிக்கிறாய் என்று யாரோ சொல்லித்தான் அவள் கேஸே போட்டாள். புருஷன் வெளிநாட்டில் சம்பாதிக்கும்போது இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று நீதிபதி அவளைக் கேட்டிருக்கிறாராம். அந்தக் காகிதத்தில் பொய் என்று ஒரு வரி கிடையாது, அவள் கேட்டதேயில்லை. ஏன் கேட்கவில்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன், அது என் நெற்றிமேலேயே இருந்தது.

நீ போன அடுத்த வருஷம் என்னிடம் சொன்னாயே, 'அவகிட்ட வேலை போயிடுச்சுன்னு சொல்லிடும்மா, கொஞ்ச நாளைக்குத்தான்' என்று. லிஃப்ட் கம்பெனியில் உன்னை மேஸ்திரி ஆக்கிய வருஷம் அது. அங்கே உனக்கு என்ன கஷ்டம், யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் போனே வராதோ என்று பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். என் கணக்கில் மாதாமாதம் நீ போட்டது வந்துகொண்டிருந்தது, அவளிடம் ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கு வரும் பென்ஷன்தான் என்று சொன்னேன். அதில் எடுத்துக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பேத்திக்கு ஒரு பென்சில்கூட வாங்கித் தரவில்லை. பிள்ளைக்குப் போர்டில் எழுதுவது கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணாடி வாங்க வழியில்லாமல் உன் பெண்டாட்டி டீச்சரிடம் கெஞ்சி முதல் பெஞ்சில் உட்கார வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள், 'அவருக்கே வேலையில்ல, நீங்க எங்க போவீங்க அத்தை' என்று என் பிரஷர் மாத்திரையைத் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாள். வாங்கி விழுங்கினேனே, எனக்கு அது எப்படி உள்ளே இறங்கியதோ.

வக்கீல் வந்துபோன மறுநாள் அவள் கடையிலிருந்து வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள், கையில் இருப்பதை விட்டெறிவாள் என்று நினைத்தேன், எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டாள். 'ரெண்டாவது வருஷம் கடையில அட்வான்ஸ் வாங்கி, அவரு சாப்பாட்டுக்கு உங்க மூலமா அனுப்பினேனே அத்தை, அப்ப அவருக்கு வேலை இருந்துச்சா?' இருந்தது என்றேன். அந்த அட்வான்ஸை ஒரு வருஷம் சம்பளத்தில் பிடித்தார்களப்பா. அனுப்பாதே என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணை. நான் கூண்டில் ஏறி, அவள் கேட்காததற்கு நான் சொன்ன பொய்தான் காரணம் என்று சொல்லப்போகிறேன். மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். ஆனால் அதற்கு முன்னால் நீயே உன் வக்கீலிடம் ஒரு வார்த்தை, இத்தனாம் வருஷத்திலிருந்து சம்பாதிக்கிறேன், மொத்தத்தையும் தருகிறேன் என்று சொல்லிவிட்டாயானால், பெற்ற பிள்ளைக்கு எதிராக நான் வாய் திறக்க வேண்டியிருக்காது. அந்தப் பாக்கியத்தை மட்டும் எனக்குக் கொடு ராஜா, வேறெதுவும் அனுப்ப வேண்டாம், எனக்குப் போடுவதை அவள் கணக்கில் போடு. கோபத்தில் பட்டினி கிடக்காதே, லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது பெல்ட்டைச் சரிபார்த்து இறங்கு. தேதி பத்து, மறந்துவிடாதே. நீ நூறு வயசு நல்லா இரு.

உனக்காகப் பொய் சொன்ன அதே வாயால் உன்னை வாழ்த்தும்,
அம்மா