ஊஞ்சல் பலகைக்கு நாலு பொட்டு

14.11.98, சனி காலை

ராஜிக்கு,

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: கம்ப்யூட்டர் சொல்படி மரம் துளைக்கும் எந்திரத்தைத் தன் கையாலேயே கட்டிய மேதை, பாலிடெக்னிக் வாத்தியார் கோமதிசங்கர், இன்று ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தான். உன் புருஷன்தான்.

நம் மகள் பிருந்தாவின் கல்யாண ஊஞ்சல் பலகையில் சங்கிலி மாட்ட நாலு துளை போட எந்திரத்துக்குச் சொன்னான். பலகையில் விழுந்தது ஒன்று. அதுவும் மணப்பெண் உட்காரும் இடத்தில். தொடங்கவேண்டிய மூலையில் அவன் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தான். நீ நாலு மூலையிலும் குங்குமம் வைத்துவிட்டாய். "ஒம் பொட்டாலதான் எல்லாம் கெட்டுச்சு" என்று நேற்று குதித்தான். "கல்யாணப் பலகைக்குப் பொட்டு வைக்காம என்னத்தத் துளைக்கப் போறிய?" என்றாய். அதற்கப்புறம் நீ பேசவில்லை.

காலையில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. படத்தில் அளவு தொடங்கும் பூஜ்யம் பலகையின் நடுவில் இருக்கிறது. அவனோ துளைப்பானை மூலையில் கொண்டு நிறுத்தியிருக்கிறான். அப்படியானால் எந்த மூலையில் தொடங்கினாலும் ஒரு துளைதான் பலகையில் விழும், மற்ற மூன்றும் வெளியே போகும். பொட்டுக்கு இதில் பங்கில்லை.

துளையை அடைத்துக் கையால் நாலு போட, தச்சநல்லூர் ஆசாரியைக் கூட்டிவரப் போகிறான். சாவி மீட்டர் பெட்டிமேல். சொதிக் குழம்பைச் சுடவைத்தாயிற்று. நாங்குநேரிச் சம்பந்தி நாலு மணிக்குப் பலகை பார்க்க வருகிறார். காப்பி கொடு, எந்திரத்தைப் பற்றி வாய் திறக்காதே.

கீழே இடமிருப்பதால்: கோபம் தீர்ந்திருந்தால் ஆசாரிக்கும் சேர்த்து உலை வை.

ஓரத்தில்: மீதி மூன்று துளையும் உங்க அப்பா கொடுத்த சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன.