அராவாமல் அனுப்பிய கொக்கி

கோபக்கார அன்னலீஸுக்கு,

உன் அப்பாவின் பழைய துப்பாக்கிக்குக் கொக்கி கிடைத்துவிட்டது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்துமே, அதுதான். பென்சில்வேனியாவில் நான் வேலை பார்க்கும் இந்தத் துப்பாக்கி உதிரிபாகக் கடையின் தகர டப்பாவில் கிடந்தது. செய்தது நம் சுவிட்சர்லாந்தில், பெர்ன் பக்கம்தான்.

"கொக்கியைத் தபால்ல போடு. நீ வராட்டி ஒண்ணும் குடி முழுகிடாது" என்று போனில் கத்தினாய். போட்டுவிட்டேன். துப்பாக்கிப் பாகம் என்பதால் அதற்கு முன் ஏற்றுமதி அனுமதிக்காக அரசிடம் மாதக்கணக்கில் மன்றாடினேன். கடை முதலாளியம்மா லோயிஸ் சிரித்தாள்: "இந்தக் கெஞ்சலைப் பொண்டாட்டிகிட்ட கெஞ்சியிருந்தா எப்பவோ வீடு போய்ச் சேர்ந்திருப்பே தம்பி!"

ஒன்று கவனி. அந்தக் காலத் துப்பாக்கிகள் கையால் செய்தவை. ஒன்றின் கொக்கி இன்னொன்றில் அப்படியே உட்காராது, அராவித்தான் பொருத்த வேண்டும். மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தாலும் சுத்தியல் தானாக விழுந்து வெடிக்கும், உன் கன்னத்துக்குப் பக்கத்தில். அதனால் தடிமனாகவே விட்டிருக்கிறேன். உன் அவசரம் என் அவசரத்துக்குச் சளைத்ததல்ல. அரத்தைத் தொடாதே. ஊர்த் திருவிழாவில் அப்பாவின் துப்பாக்கியை வைத்துத்தான் சுடுவேன் என்றாய். சுடு. முன்னதாக நான் வந்து அராவித் தருகிறேன்.

கொக்கிக்கு அனுமதி வாங்கியாயிற்று. எனக்கு நீதான் தர வேண்டும்.

இன்னமும்
உன் கணவன்