நடுவில் நிற்க ஓர் இடம்

மார்ச் 4
தையல்கார அக்கா இன்றும் என் பிசியோதெரபி கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரவில்லை. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்போதுதான் நன்றாக நடக்க ஆரம்பித்திருந்தார். இப்போது விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். போனையும் எடுக்கவில்லை.

மார்ச் 5
அவர் வீட்டுக்கே போனேன். கிளினிக் எதிரே ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் உரசிக்கொண்டு போனதாம். வாக்கர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

“கால் சரியாயிடுச்சும்மா. ரோடுதான் சரியாகல.”

அங்கே சிக்னல் கிடையாது. வெள்ளைக் கோடு இருக்கிறது — யார் மதிக்கிறார்கள்?

என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அந்த வழியாகத்தான் தினமும் பஸ் ஓட்டுகிறார். “நான் நின்னா பின்னாடி வர்றவன் நிப்பானா?” என்றார். பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதும் பொய்யில்லையே.

மார்ச் 11
நான் கொடுத்த மனுவுக்காக நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்தார். சிக்னல் வைக்கிற அளவுக்கு வண்டி ஓட்டம் இல்லை என்று கைவிரித்தார். ஆனால் கிளம்பவில்லை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ரோட்டு நடுவில் ஒரு மேடை கட்டலாம் என்றார். பாதி கடந்து நின்றுகொள்ளலாம். வழி குறுகுவதால் வண்டிகளும் வேகம் குறைக்கும். முதலில் அந்த இடத்தில் டிரம் வைத்து ஒத்திகை. அந்தக் குறுகலில் பஸ் போகுமா என்று பார்க்க ஒரு பஸ் வேண்டுமாம்.

நான் சும்மா இருப்பேனா? என் வீட்டுக்காரர் கொண்டு வருவார் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12
கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டுக்காரருக்குக் கோபம். பேப்பரைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்.

மார்ச் 18
வீட்டுக்காரரே டிப்போவில் அனுமதி வாங்கி, காலி பஸ்ஸோடு வந்தார். முதல் சுற்றில் டிரம் உருண்டது. தெருவே சிரித்தது. பொறியாளர் டிரம்மைக் கொஞ்சம் நகர்த்தி, மெதுவாக வரச் சொன்னார். வெண்ணெயில் கத்தி மாதிரி போனது பஸ்.

பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் ரோட்டைக் கடந்து என் பக்கம் நடந்து வந்தார். பாதியில் ஒரு வேன் சீறியது. சட்டென்று டிரம்களுக்கு நடுவே ஒதுங்கினார். வந்து சேர்ந்ததும், “சீக்கிரம் கட்டச் சொல்லு” என்றார்.

மே 9
மேடை தயார். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வேகத்தடையும் போட்டுவிட்டார்கள். அக்காவிடம் போனில் சொன்னேன். “பாக்கலாம்” என்றார்.

மே 12
அக்கா வந்தார். தனியாக. அதுவும் தாமதமாக. ஏன் என்று கேட்டேன்.

“அந்த மேடையில பக்கத்து வீட்டுப் பொண்ணப் பாத்தேன், பேசிட்டே நின்னுட்டோம். உங்க வீட்டுக்காரர் பஸ்ஸ நிறுத்தி, போங்கன்னு கை காட்டினார். பேச்சு முடியல, நீங்க போங்கன்னுட்டேன்.”