போஸ்டரில் விட்டுப்போன பிரசிடெண்ட்

அன்பு மதினி,

முத்துலட்சுமி என்று பெயர் சொல்லி நான் ஒருநாளும் உங்களைக் கூப்பிட்டதில்லை. அண்ணன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அழைத்தால் நம் ஊரில் முறைத்துப் பார்ப்பார்கள். ஆனால் இன்றைக்கு எழுதத்தான் போகிறேன். முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் முத்துலட்சுமி. எழுதிப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது?

நீங்கள் கண்ணை மூடி, வருகிற வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்ல எனக்கு ஊர்ச் செய்தியும் இருக்கிறது, ஒரு மன்னிப்பும் இருக்கிறது. மன்னிப்பை முதலில் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் வாயில் வராது.

உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என்ன அச்சடித்திருந்தது தெரியுமா? ‘முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று அண்ணன் பெயர், அதற்குக் கீழே ‘அவர்களின் அன்பு மனைவி’ என்று உங்கள் பெயர். ஐந்து வருஷம் தலைவராக இருந்தது நீங்கள். ஓட்டு விழுந்தது உங்கள் பெயருக்கு. செத்த அன்றைக்கு அந்தப் பதவி அண்ணனுக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடைச் சுவரிலும் அதை ஒட்டியிருந்தார்கள். அதைப் படிக்காத ஆள் கிடையாது. ஒருத்தருக்கும் உறுத்தவில்லை.

அதை அச்சுக்குப் போகுமுன் பார்த்தவளே நான்தான், மதினி. கோவில்பட்டி அச்சகத்திலிருந்து போனில் படம் வந்தது. உங்கள் வயது சரியா, எடுக்கிற நேரம் சரியா என்று பார்த்தேன். எல்லாம் சரி என்று பதில் போட்டேன்.

பதினாறாம் நாள் உங்கள் மகள் பவித்ராதான் கேட்டாள். பந்தல் பிரிக்கிறார்கள், அவள் சுவரில் இருந்த போஸ்டரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “அத்தே, அம்மாதான பிரசிடெண்டு? அப்பான்னு ஏன் போட்டிருக்கு?” என்றாள். எட்டாவது முடித்திருந்த பிள்ளைக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்காரிக்குத் தெரியவில்லையே. போய்ச் சாப்பிடு என்று அதட்டி அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உங்கள் போன் அண்ணன் சட்டைப்பையில் இருக்கும். மணி அடித்தால் “பிரசிடெண்ட் பேசுதேன்” என்பார். கிராம சபைத் தீர்மான நோட்டு மட்டும் வீடு தேடி உங்களிடம் வரும். பக்கத்து வீடுதானே என்று கிளார்க் அண்ணாச்சி அதை என்னிடம் கொடுத்தனுப்புவார். நீங்கள் அடுப்படியில் மாவு ஒட்டின கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவீர்கள். மேலே பக்கம் வெறுமையாக இருக்கும். என்ன எழுதப் போகிறார்கள் என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். “பிரசிடெண்டம்மாவுக்கு எல்லாம் தெரியணுமோ?” என்று நான் கேலி பண்ணினேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இன்னும் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. ஒரு சுதந்திர தினக் கிராம சபை. சமுதாயக் கூடத்தில் நடு நாற்காலியில் அண்ணன், பக்கத்தில் யூனியன் ஆபீஸ் அதிகாரி. நீங்களும் நானும் மற்றப் பெண்களும் தார்ப்பாயில். நோட்டு நம் பக்கம் வந்து, எல்லாரும் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கிற நேரம். நீங்கள் எழுந்து நின்று, தண்ணீர் விடுகிற நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தீர்கள். கூடமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் முகம் கறுத்துப்போனது. நான் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். “உக்காருங்க மதினி, ஆம்பளையாளுவ இருக்காவ” என்றேன்.

நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்கப்புறம் நீங்கள் ஒரு கூட்டத்திலும் எழுந்து நிற்கவில்லை. வீட்டுக்கு வரும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், திட்டியிருக்கலாம். ஏன் ஒன்றும் சொல்லவில்லை? நாத்தனார் என்று பயமா, இல்லை, இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற வெறுப்பா?

சரி, செய்திக்கு வருகிறேன். தேர்தல் வந்தது. இந்தத் தடவையும் நம் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்குத்தான். அண்ணனுக்கு வீட்டில் நீங்கள் இல்லை, என்னைத் தேடி வந்தார். “பேரு ஒனக்கு, வேலை எனக்கு. நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்றார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக எனக்கு ஓட்டுக் கேட்டார், பாவம். என் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். போனில் கேட்டேன். “ஒனக்குச் சரின்னு பட்டதச் செய்யி, நான் குறுக்க வரல” என்றார். ஜெயித்துவிட்டேன் மதினி.

பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படித்தான் நம்மைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். சட்டம் பெண்ணுக்கு இடம் ஒதுக்கினால் வீட்டு ஆண் அதில் உட்காருகிறார். கேட்டால், பெண்களுக்கு விவரம் பத்தாது என்கிறார்கள். எந்தத் தெருக் குழாயில் காற்று மட்டும் வருகிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறது, மழை பெய்தால் எந்த வீட்டு வாசலில் கரிசல் சேறு முழங்கால் வரைக்கும் நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வேறு என்ன விவரம் வேண்டும்? அண்ணனுக்கு இதில் ஒன்றாவது தெரியுமா?

தண்ணீர் இன்னும் காலை பத்து மணிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏழு மணிக்கே பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். பத்து மணிக்குக் குடத்தோடு நிற்பது யார்? வயசுப் பிள்ளைகள். மோட்டார் போடுகிற ஆள் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு வருவதால் பத்து மணி, வேறு காரணம் ஒன்றும் கிடையாது. குடம் தூக்காத ஆட்களுக்கு அதை மாற்ற வேண்டும் என்று ஏன் தோன்றப்போகிறது? உங்களுக்குப் பிறகு உங்கள் வீட்டில் குடம் எடுத்தது பவித்ரா. ஒன்பதாவது வகுப்பில் வாரத்துக்கு மூன்று நாள்தான் அவள் பெஞ்சில் இருந்தாள். லீவு லெட்டரில் அண்ணனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வகுப்பு ஏற்றிவிட மாட்டார்களோ என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கு, நீங்கள் அன்று என்ன பேச எழுந்தீர்கள் என்பது எனக்கு முழுசாக விளங்கியது.

நான் தலைவரான பிறகு வந்த முதல் கிராம சபைக்குக் கிளம்பும்போது, “அண்ணே, அது என் நாற்காலி, எந்திரிங்க” என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் வெள்ளைச் சட்டையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்த அண்ணன். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றுதான் பார்த்தேன்.

அப்போது கிளார்க் அண்ணாச்சி தீர்மான நோட்டைப் பெண்கள் பக்கம் கொண்டு போனார், வழக்கம்போல வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்க. எனக்கு என்ன தோன்றியதோ, நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தார்ப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். “எழுதி வாசிச்ச பொறவுதான் கையெழுத்து. இங்கன வந்து எழுதுங்க அண்ணாச்சி” என்றேன். புதிதாக வந்திருந்த அதிகாரி, தலைவர் யார் என்று கேட்டார். தரையில் இருந்தபடியே கையைத் தூக்கினேன். அவர் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து போட்டார். அவர் பின்னால் ஆண்களும் ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள். நடு நாற்காலி அண்ணனிடமே இருந்தது. கூட்டம்தான் அங்கே இல்லை.

யார் என்ன பேச வேண்டுமோ பேசலாம் என்றேன். பிறகு கீழத்தெரு மாரித்தாய் எழுந்தாள். “ஏழு மணிக்கு எங்களுக்கு வேனு. பத்து மணிக்குத் தண்ணி. எம் மவ தண்ணி பிடிப்பாளா, பள்ளிக்கூடம் போவாளா?” என்றாள். பக்கத்தில் இருந்த அவள் மாமியாரின் கை மெதுவாக அவள் சேலைத் தலைப்புக்குப் போவதைப் பார்த்துவிட்டேன். அந்தக் கையை எனக்குத் தெரியாதா, மதினி? எட்டி அதைப் பிடித்துக்கொண்டேன். “விடுங்க சித்தி, அவ பேசட்டும்” என்றேன். சித்தி கையை உருவிக்கொள்ளவில்லை. கூட்டம் முடிகிறவரை என் கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

மாரித்தாய்க்குப் பின்னால் ஆறேழு பேர் எழுந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவதென்று தீர்மானம் எழுதி, வாசித்து, அப்புறம்தான் கையெழுத்து. மோட்டார்க்காரர் பிறகும் மூன்று நாள் பத்து மணிக்கே திறந்தார். நாலாவது நாள் மோட்டார் அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன், ஒரு வாரத்தில் அவருக்கும் பழகிவிட்டது. பவித்ரா இப்போது தினமும் போகிறாள். பத்தாவதுக்கும் வந்துவிட்டாள்.

சும்மா கிடைத்துவிடவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணன் எனக்கு அழைப்புச் சொல்லிவிடவில்லை. கூடப்பிறந்தவன் மானத்தை வாங்கினவள் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நோட்டை இன்றுவரை யார் வீட்டு அடுப்படிக்கும் அனுப்பவில்லை.

நேற்று உங்கள் வருஷ நினைவுக்குப் போஸ்டர் அடிக்கக் கோவில்பட்டிக்குப் போனேன். பவித்ராவும் கூட வந்தாள். உங்கள் படத்துக்குக் கீழே ‘முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்’ என்ற எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி அவள்தான் அடம்பிடித்தாள். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அண்ணனிடம் போனோம். எட்டு மாதம் கழித்து அவர் வாசலை மிதிக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். “ஏம் பேருக்கு முன்னால ஒண்ணும் போடலியா?” என்று கேட்டார்.

“போட்டிருக்கேன் அண்ணே. நல்லாப் பாருங்க. ‘முன்னாள் தலைவரின் கணவர்’னு.”

கிழித்துவிடுவாரோ என்று பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் போஸ்டரைச் சுருட்டவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். மாறினாலும் மாறாவிட்டாலும் நாளைக் காலையில் போஸ்டர் சுவருக்குப் போகும்.

அடுத்த கிராம சபையிலும் நான் தார்ப்பாயில்தான் உட்காருவேன். என் வலது பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டு வைப்பேன். நீங்கள் பாதியில் நிறுத்தின பேச்சு உங்கள் மகளுக்குத் தெரியும், ஓட்டு வயது வந்ததும் அவள் அதில் உட்காரட்டும். அதுவரைக்கும் அந்த இடம் உங்களுக்கு. எழுந்து நில்லுங்கள் மதினி. இந்தத் தடவை நான் இழுக்கமாட்டேன்.

உங்கள் தலைப்பைப் பிடித்து இழுத்த அதே நாத்தனார்,
சண்முகக்கனி,
ஊராட்சி மன்றத் தலைவர்